அடுப்படிக் கேள்விகள்: காலை ஆறு மணிக்கு யோசிக்காதீர்கள்

(அரசுப் பள்ளிச் சத்துணவு மையத்தில் 31 ஆண்டுகள் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் சமையலறைக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகள் ஆறாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. பள்ளி வேன் 7.40க்கு வாசலில் நிற்கும். அதற்குள் காலை டிபன், மதியத்துக்கு நான்கு டப்பா, இடைவேளைக்கு ஏதாவது தின்ன. பள்ளி திறந்ததிலிருந்து தினமும் கத்திக்கொண்டேதான் சமைக்கிறேன். ஏதாவது வழி சொல்லுங்கள் அம்மா.
– வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், மகளே. உங்களுக்குச் சமைக்கத் தெரிகிறது, கையும் வேகமாகத்தான் ஓடுகிறது. ஆனால் காலை ஆறு மணிக்கு குளிர்பதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு 'இன்றைக்கு என்ன செய்வது' என்று நிற்கிறீர்களே, அந்த இருபது நிமிடம்தான் உங்களைக் கத்த வைக்கிறது.

எங்கள் மையத்தில் 160 பிள்ளைகள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்ற கணக்கில் தினமும் 16 கிலோ உலையில் போடவேண்டும். நான், ஒரு சமையலர், ஓர் உதவியாளர், மூன்றே பேர். ஒரு நாளும் பன்னிரண்டரை மணியைத் தாண்டியதில்லை. என்ன சமைப்பது என்று நாங்கள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் காரணம். செவ்வாய் என்றால் கொண்டைக்கடலை அல்லது பாசிப்பயறு, வெள்ளி என்றால் உருளைக்கிழங்கு. திங்கள் மாலையே கடலை ஊறிவிடும். பிள்ளைகளுக்கும் கிழமை தெரியும், செவ்வாய்க்கிழமை காலை வணக்கம் முடிந்ததுமே, "இன்றைக்குக் கடலையா, பயறா?" என்று சமையல்கூட வாசலில் வந்து கேட்பார்கள்.

உங்கள் வீட்டுக்கும் கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாவுதான் அச்சாணி. நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். சனிக்கிழமை மதியம் ஊறவைத்து மாலையில் அரையுங்கள். இரவு முழுவதும் வெளியில் புளிக்கட்டும், ஞாயிறு காலை பெட்டிக்குள் வைத்துவிடலாம். வைப்பதற்கு முன் மாவை இரண்டு பாத்திரத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே தூக்கில் வைத்து தினமும் வெளியே எடுத்து, கரண்டி விட்டு, மீண்டும் உள்ளே வைத்தால் புதன்கிழமையே புளிப்பு ஏறிவிடும். இரண்டாவது பாத்திரத்தைப் புதன் இரவு வரை தொடாதீர்கள்.

திங்கள் இட்லி, செவ்வாய் தோசை. புதன் மாவுக்கு ஓய்வு. கோதுமை ரவை உப்புமா போதும். வியாழன் இரண்டாவது பாத்திரத்தைத் திறந்து தோசை. வெள்ளிக்கிழமை மிச்ச மாவில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கிக் கொட்டிக் குழிப்பணியாரம். இடைவேளை டப்பாவுக்கும் அதிலேயே நான்கு எடுத்து வைத்துவிடலாம். மதியத்துக்கு சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், பருப்புப் பொடி சாதம், புளியோதரை, தயிர் சாதம் என்று ஐந்தையும் பிள்ளைகளிடமே கிழமை பிரிக்கச் சொல்லுங்கள். தாங்களே பிரித்த கிழமையை அவர்கள் எளிதில் குறை சொல்லமாட்டார்கள். புளிக்காய்ச்சலை மாதம் ஒரு முறை நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை சுண்டக் காய்ச்சிக் குளிரில் வையுங்கள். அன்று காலை சோறு வடித்தால் போதும். எலுமிச்சை சாதத்துக்கு மட்டும் ஒன்று: அடுப்பை அணைத்த பிறகே சாற்றைப் பிழியுங்கள், கொதித்தால் கசக்கும்.

இரவு சாப்பாடு முடிந்ததும் பதினைந்து நிமிடம். பீன்ஸ், கேரட் நறுக்கி ஈரமில்லாத டப்பாவில், கறிவேப்பிலை உருவி, டப்பாவும் மூடியும் கரண்டியும் மேடையில் வரிசையாக. வாழைக்காயை மட்டும் காலையில் நறுக்குங்கள், கறுத்துப்போகும். உங்கள் கணவர் காலையில் என்ன செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. டப்பாவில் அடைப்பதையும் தண்ணீர் பாட்டில்கள் நிரப்புவதையும் அவரிடம் கொடுங்கள். அது உதவியாக இருக்கவேண்டாம், அவருடைய வேலையாகவே இருக்கட்டும்.

கேள்வி: மகள் ஒன்றாம் வகுப்பு. அனுப்பும் சாப்பாட்டில் பாதி திரும்பி வருகிறது. வீட்டில் அதே சோற்றை நன்றாகச் சாப்பிடுகிறாள். பிடிக்கவில்லையா என்றால் பதில் சொல்வதில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் டப்பாவைப் பாருங்கள், அம்மா. இதை நான் என் பேத்தியிடம் கற்றுக்கொண்டேன்.

அவளும் ஒன்றாம் வகுப்பில் இப்படித்தான், மூன்று வாரம் தக்காளி சாதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். நாங்கள் காரத்தைக் குறைத்தோம், நெய் சேர்த்தோம், திட்டவும் செய்தோம். ஒரு சனிக்கிழமை மதியம், பள்ளிக்குக் கட்டுவது போலவே சூடாக அடைத்து, பையில் வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து அவளைத் தரையில் உட்காரவைத்துத் திறக்கச் சொன்னேன். நான்கு பக்கமும் கொக்கி போட்ட மூடி. முதல் இரண்டு கொக்கி வந்தது. மூன்றாவதைப் பல்லால் கடித்து இழுத்தாள். கட்டைவிரல் சிவந்துவிட்டது. கொக்கிகள் எல்லாம் விட்ட பிறகும் மூடி அசையவில்லை. ஆவியோடு மூடினால் ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்கள் கைக்கே அது வராது. "மிஸ் திறந்து தருவார்கள் பாட்டி, ஆனால் அதற்குள் பாதிப் பேர் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள்" என்றாள். என் கண் கலங்கிவிட்டது. எத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறேன், என் வீட்டுப் பிள்ளையின் கையை நான் பார்க்கவில்லை.

அன்று மாலையே அகலமான, மேலே தூக்கினால் வந்துவிடும் எவர்சில்வர் டப்பா வாங்கினோம். சோற்றைத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கிய பிறகு அடைத்தோம். அளவையும் குறைத்தோம். அடுத்த வாரமே டப்பா காலியாக வந்தது. உங்கள் மகளும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். கேட்பதை விட்டுவிட்டு, ஒரு நாள் உட்காரவைத்துப் பாருங்கள்.

கேள்வி: இரவு மீந்த சோற்றில் காலையில் சாதம் கிளறிக் கொடுத்தனுப்பலாமா?
– வாசகி, சென்னை

பதில்: இரவெல்லாம் மேடையில் இருந்த சோறு என்றால் வேண்டவே வேண்டாம். பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியில் இருக்கும். உலைக் கொதியிலும் சாகாது. சோறு வெளியில் கிடக்கும்போது அது பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்துக் குளிரில் வைத்த சோற்றைக் காலையில் ஆவி பறக்கச் சூடாக்கிக் கிளறி வீட்டிலேயே சாப்பிடுங்கள். பள்ளிப் பைக்குள் ஐந்து மணி நேரம் கிடக்கப்போகிற டப்பாவுக்கு அன்று வடித்த சோறுதான் என்பது என் பிடிவாதம். தயிர் சாதத்துக்கும் அப்படியே: சோற்றைக் குழைத்து, காய்ச்சி ஆறிய பால் ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துப் பிசைந்தால் மதியம் பதமாக இருக்கும். தேங்காய்ச் சட்னியை டப்பாவில் வைக்காதீர்கள். இட்லிப் பொடியில் எண்ணெய் குழைத்துத் தடவிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 68. மகனும் மருமகளும் வேலை முடிந்து வர இரவு ஏழாகிறது. நான்கரை மணிக்குப் பள்ளியிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் இருவரும் பசியில் கடைப் பாக்கெட் கேட்கிறார்கள். பெரியவனுக்கு ஒன்பது, சின்னவளுக்கு நான்கு வயது. எனக்கு அடுப்பு பழக்கமில்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வணக்கம் ஐயா. இந்த வயதில் பிள்ளைகளின் பசியைப் பற்றிக் கடிதம் எழுதுகிறீர்களே, மனம் நிறைந்தது. நீங்கள் அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம்.

உங்கள் ஊரில் பழத்துக்குக் குறைவே இல்லை. மட்டி வாழைப்பழம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது; அதைவிட நல்ல தின்பண்டத்தை எந்தப் பாக்கெட்டில் அடைப்பார்கள்? பிள்ளைகள் வீட்டுக்குள் நுழையும்போது கண்ணில் படும்படி, கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். மருமகளிடம் சொல்லி வாரம் இரண்டு நாள் காலையிலேயே சுண்டல் அவித்துக் குளிரில் வைக்கச் சொல்லுங்கள், எடுத்துக் கொடுத்தால் போதும். கடலைமிட்டாய் ஒரு டப்பா இருக்கட்டும். ஆனால் அதுவும் முழு வேர்க்கடலையும் பெரியவனுக்கு மட்டும். சின்னவளுக்குத் தொண்டையில் சிக்கும், அவளுக்குப் பொடித்துத்தான் தரவேண்டும். கொண்டைக்கடலையையும் அவளுக்கு மசித்துக் கொடுங்கள்.

மற்ற நாட்களுக்கு அவல். கெட்டி அவலை இரண்டு முறை அலசி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வைத்து, ஒட்டப் பிழிந்து எடுங்கள். தூளாக்கிய வெல்லம், தேங்காய்ப்பூ, கொஞ்சம் ஏலக்காய். பெரியவன் அவலைக் கிளறட்டும், சின்னவள் வெல்லத்தைத் தூவட்டும். நீங்கள் உட்கார்ந்து அரைமூடி தேங்காய் துருவினால் போதும்.