கோழி நிற்கும் வளவில் காடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுக் கோடியில் பத்துப் பன்னிரண்டு ஊர்க்கோழி நிற்கின்றன. மகன் காடை வளர்க்க ஆசைப்படுகிறான். கோழிக்கூடு பெரியது, கீழ்த்தட்டு சும்மாதான் கிடக்கிறது. அதற்குள் காடையை விட்டால் என்ன? ஒருவர் தாராளமாக விடலாம் என்கிறார், இன்னொருவர் எல்லாம் செத்துப்போகும் என்கிறார்.
(வாசகி, கோப்பாய்)

பதில்: காடை வாங்குங்கள் தங்கச்சி, அந்தக் கீழ்த்தட்டில் மட்டும் விடாதீர்கள். மேலே கோழி நின்றால் எச்சம் கீழேதான் விழும், காடையின் தீனிலும் தண்ணீரிலும் கலக்கும். ஒரே வளவில் இரண்டையும் வளர்க்கலாம், ஒரே கூரையின் கீழ் வேண்டாம்.

முதலில் உருவத்தைப் பாருங்கள். நாங்கள் வாங்கி வளர்ப்பது யப்பான் காடை, நன்றாக வளர்ந்தாலும் 150 முதல் 200 கிராம்தான் நிற்கும். ஊர்க்கோழிப் பேடு அதைவிடப் பல மடங்கு பாரம். கோழிகளுக்குள் பெரியது சின்னதைக் கொத்துவது வழக்கம், சின்னது ஓடித் தப்பிவிடும், ஆனால் கூட்டுக்குள் காடை எங்கே ஓடும்? தலையில் ஒரு கொத்து விழுந்து இரத்தம் தெரிந்தால் மற்றக் கோழிகளும் வந்து அதே இடத்தில்தான் கொத்தும்.

கொத்தை விடப் பெரிய பயம் நோய். கோழிக்கு முகம் வீங்கி, கண்ணில் நுரை தள்ளி, மூக்கால் நாற்றத்தோடு சளி வடிகிற கொறைசா என்ற நோய் இருக்கிறதே, அது காடைக்கும் தொற்றும். அதில் தப்பிய கோழி பார்வைக்கு நல்ல சுகமாக நிற்கும், தீன் தின்னும், முட்டையும் போடும், ஆனால் கிருமி அதன் உடம்பிலேயே இருக்கும். அந்தக் கோழியின் தண்ணீர்ச் சட்டியில் காடை வாய் வைத்தால் போதும். கோழிகளைக் கூட்டத்தோடு கொல்லுகிற ராணிக்கெட் நோயில் இதன் மறுபக்கம் நடக்கும். காடை வெளியே பெரிதாக ஒன்றும் காட்டாமலே அந்தக் கிருமியைச் சுமந்து உங்கள் கோழிகளுக்குக் கொடுத்துவிடலாம். ஆகவே காடை வாங்குவதற்கு முன்னமே உங்கள் பகுதி அரச மிருக வைத்தியரிடம் போய் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து கொடுப்பது பற்றிக் கேளுங்கள். இரத்தக்கழிச்சலுக்கு மட்டும் அவ்வளவு பயப்படத் தேவையில்லை, கோழிக்கு அதைக் கொடுக்கிற கிருமி வேறு, காடைக்குக் கொடுக்கிறது வேறு.

சரி, எங்கே வைப்பது? வளவு எவ்வளவு இடம் தருகிறதோ அவ்வளவு தள்ளி வையுங்கள், காற்றையும் பாருங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் காற்று தென்மேற்கிலிருந்து வரும், மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். கோழிக்கூட்டுத் தூசி இந்த இரண்டு பக்கமும்தான் பறக்கும் என்பதால் காடைக்கூடு அதற்குத் தென்கிழக்கிலோ வடமேற்கிலோ இருப்பது நல்லது. மாமர நிழல் கிடைத்தால் விடாதீர்கள், பங்குனி சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே காடை வாயைத் திறந்து இளைக்கும்.

காலையில் முதலில் காடைக்குத் தீனும் தண்ணீரும் வையுங்கள், பிறகு கோழிக்குப் போங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. கோழிக்கூட்டுக்குள் போன செருப்போடு காடைப் பக்கம் போகாதீர்கள், அதற்கென்று ஒரு சோடி பழைய செருப்பை அங்கேயே போட்டு வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. வாளி, சட்டி, கூட்டும் தும்புத்தடி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். மகனுக்கு இதை முதல் நாளே பழக்கிவிடுங்கள், பிள்ளைகள் நாங்கள் சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்வார்கள். புதிதாக வாங்கி வருகிற காடையோ கோழியோ மூன்று நான்கு கிழமை தனியாக நிற்கட்டும், அதற்குள் நோய் இருந்தால் அனேகமாகத் தெரிந்துவிடும்.

கூடு நிலத்தில் வேண்டாம், இடுப்பளவு உயரத்தில் கால் வைத்துச் செய்யுங்கள். காடை வெருண்டால் பக்கத்தால் ஓடாது, நேரே மேலே எழும்பும், தலை கூரையில் அடிபட்டு அங்கேயே விழுந்து செத்துவிடும். அதனால் கூட்டுக்குள் உயரம் ஒரு அடிக்குள் இருக்க வேண்டும், அல்லது ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட உயரம்தான் ஆபத்து, எழும்புகிற வேகத்துக்கு இடம் இருக்கும், நிற்க இடம் இருக்காது. சின்னக் கூடாக இருந்தால் மேல்பக்கத்துக்கு உள்ளால் ஒரு சாக்கையோ வலையையோ இழுத்துக் கட்டிவிடுங்கள். கம்பிவலை அரை அங்குலக் கண்ணுக்கு மேல் போகக் கூடாது. கோழிக்கு அடிக்கிற பெரிய கண் வலையால் எலி வரும், சாரைப்பாம்பு வரும், மரநாய் கையை விட்டுக் காடையின் தலையைப் பிடித்து இழுக்கும். பனையோலை வேலி இருக்கிற வளவென்றால் இதில் இன்னும் கவனம், வேலிக்குள் என்னென்ன குடியிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

ஒன்றை மகனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். கோழியைத் திறந்து விட்டால் பொழுதுபட அதுவாகக் கூட்டுக்கு வந்துவிடும், காடை வராது. கதவு ஒருமுறை திறந்து கிடந்தால் போனது போனதுதான்.

கேள்வி: முட்டைக்கோழிக்கு வாங்குகிற லேயர் தீனையே காடைக்கும் போடலாமா? இரண்டு தீன் வாங்கக் கட்டாது.
(வாசகர், சுன்னாகம்)

பதில்: வளர்ந்து முட்டை போடுகிற காடை அதில் சமாளிக்கும், குஞ்சு சமாளிக்காது. லேயர் தீனில் புரதம் 16, 17 வீதம் அளவில்தான் இருக்கும், முட்டைக் காடைக்கு 20 வீதம் அளவில் வேண்டும், குஞ்சுக்கு 24 வீதத்துக்கு மேல் வேண்டும். குஞ்சுக்கு லேயர் தீன் போட்டால் இரண்டு குறை: புரதம் போதாது, கல்சியம் மிஞ்சிப் போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் ஐந்து ஆறு கிழமைக்கு, இறைச்சிக்கோழிக் குஞ்சுக்குப் போடுகிற புரொய்லர் ஸ்ராட்டர் தீனை வாங்கி, இன்னும் நன்றாக இடித்துக் கொடுங்கள், கூடவே அவித்த முட்டையை மசித்துக் கொஞ்சம் வையுங்கள். குஞ்சு பிறக்கும்போது ஏழெட்டுக் கிராம்தான், அதன் வாய்க்குப் பெரிய குறுணி போகாது. தண்ணீர்ச் சட்டிக்குள் கூழாங்கல் போடாமல் வைக்காதீர்கள், அரை அங்குலத் தண்ணீரிலும் அது தாண்டு போகும். முட்டை தொடங்கிய பிறகு லேயர் தீனோடு கருவாட்டுத்தூளும் சோயாப் பிண்ணாக்கும் கொஞ்சம் கலந்தால் குறை தீரும், உப்புக் கூடிய கருவாடு வேண்டாம். ஒரு காடை ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம்தான் தின்னும், கணக்குப் பார்த்தால் அவ்வளவு செலவில்லை.

கேள்வி: என் அடைக்கோழி அவயத்துக்குப் படுத்திருக்கிறது. அதன் முட்டையோடு பத்துக் காடை முட்டையும் வைக்க விருப்பம். காடை தானாக அவயத்துக்குப் படுக்காதா?
(வாசகி, கரவெட்டி)

பதில்: யப்பான் காடை அனேகமாகப் படுக்காது அக்கா, பல தலைமுறையாகக் கூட்டில் வளர்த்து அந்தக் குணமே போய்விட்டது. கோழி முட்டையோடு கலந்து வைக்க வேண்டாம். காடை 17, 18 நாளில் பொரிக்கும், கோழி 21 நாளில். முதல் குஞ்சுச் சத்தம் கேட்டதும் கோழி எழும்பிவிட்டால் மிச்ச முட்டையெல்லாம் குளிர்ந்து வீணாகும். காடை முட்டையின் ஓடு மெல்லியது, பாரமான பேடு காலை வைத்தால் உடைந்துவிடும். பிறகு கோழியிடமிருந்து குஞ்சுக்கு நோய் வருகிற கதையும் இருக்கிறது, மேலே சொன்னேன். முட்டை பொரிக்க வைக்கிற ரெஜிபோம் பெட்டி இன்கியூபேற்றர் ஒன்றே இதற்குப் போதும், காற்றாடி உள்ளது என்றால் 37.5 பாகை செல்சியஸ், 14, 15ஆம் நாள் வரை முட்டையைத் திருப்புங்கள், பிறகு தொடவே வேண்டாம். சேர்த்து வைக்கிற முட்டை ஒரு கிழமைக்கு மேல் பழசாகக் கூடாது.

கேள்வி: சேவலையும் பேட்டையும் எப்படிப் பிரிப்பது? எத்தனைக்கு ஒன்று?
(வாசகர், மானிப்பாய்)

பதில்: மூன்று கிழமைக்குப் பிறகு நெஞ்சைப் பாருங்கள். சேவலுக்குச் செம்மண் நிறத்தில் புள்ளியில்லாமல் இருக்கும், பேட்டுக்கு வெளிறி, கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும். வெள்ளைக் காடையில் இது தெரியாது. வளர்ந்த சேவலின் பின்பக்கச் சுரப்பியை மெதுவாக அழுத்தினால் வெள்ளை நுரை வரும், அதை வைத்துச் சொல்லலாம். மூன்று நான்கு பேட்டுக்கு ஒரு சேவல் போதும். சேவல் கூடினால் பேட்டின் தலையில் மயிர் மிஞ்சாது. முட்டை சாப்பிட மட்டும் என்றால் சேவலே வேண்டாம்.

கேள்வி: காடை முட்டை இழுப்பு வருத்தத்துக்கு மருந்து, கொழுப்பே இல்லை என்கிறார்களே?
(வாசகி, நல்லூர்)

பதில்: இழுப்புக்காரர் தங்கள் மருந்தை நிறுத்த வேண்டாம், முட்டை அதற்கு மாற்று இல்லை. ஒரு காடை முட்டை 10 கிராம் வரும், ஐந்து சேர்ந்தால் ஒரு கோழி முட்டை. எடைக்கு எடை பார்த்தால் கொலஸ்ட்ரோல் காடை முட்டையில் கூடவே தவிர குறைவில்லை. நல்ல சாப்பாடு, பிள்ளைகள் விரும்பித் தின்பார்கள், அந்த அளவில் சந்தோசமாகக் கொடுங்கள். கோழி முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், கவனம்.

கேள்வி: கார்த்திகை பிறந்ததும் என் காடைகள் முட்டையைக் குறைத்துவிட்டன. வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: வெளிச்சம் போதவில்லை. காடை நன்றாக முட்டை போட ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணித்தியாலம் வெளிச்சம் வேண்டும். எங்கள் ஊரில் ஆனியில்கூடப் பகல் பன்னிரண்டே முக்கால் மணித்தியாலத்தை எட்டாது, மார்கழியில் பதினொன்றரையை ஒட்டி வந்துவிடும், அதிலும் மாரி முகில் மூடினால் கூட்டுக்குள் இருட்டுத்தான். பொழுதுபடுகிற நேரம் ஒரு சின்ன எல்இடி பல்ப்பைப் போட்டு இரவு ஒன்பது மணி வரை எரிய விடுங்கள், காடையின் கண்ணுக்கு ஒரு பேப்பர் வாசிக்கிற வெளிச்சம் போதும். ஒரேயடியாகக் கூட்டாமல் கிழமைக்கு அரை மணித்தியாலமாகக் கூட்டுங்கள், நேரத்தை மாற்றாதீர்கள். சாரல் அடிக்கிற பக்கத்துக்கு ஒரு படங்கு கட்டுங்கள், ஆனால் மேல்பக்கம் காற்றுப் போக இடம் விடுங்கள், ஈரமும் எச்ச நாற்றமும் சேர்ந்தால் கண் வீங்கும். இரண்டு மூன்று கிழமையில் முட்டை திரும்பாவிட்டால், அல்லது ஒன்றாவது மூக்கால் வடிய நின்றால், அதைப் பிரித்து வைத்துவிட்டு மிருக வைத்தியரிடம் போங்கள்.