மகனுக்கு முதல் ரிமோட் விமானம்: எதை வாங்குவது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு முடித்த என் மகன், ரிமோட்டில் பறக்கும் மின்சார விமானம் வேண்டுமென்று ஓராண்டாகக் கேட்டு வருகிறான். 15,000 ரூபாய் வரை செலவிடலாம் என்றிருக்கிறேன். மதுரையில் ஒரு கடையில் பார்த்த போர் விமான மாடல் அவனுக்குப் பிடித்துவிட்டது. இணையத்திலோ 2,500 ரூபாய்க்கே தெர்மாகோல் விமானங்கள் கிடைக்கின்றன. எதை வாங்கலாம்? மொட்டை மாடியிலிருந்து பறக்கவிடலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: அந்தப் போர் விமானத்தை இப்போது வாங்காதீர்கள். இறக்கை உடலுக்குக் கீழே அமைந்த வேகமான மாடல்கள் கை பழகியவர்களுக்கானவை. ஒரு பக்கம் சாய்ந்தால் ஓட்டுபவர்தான் நிமிர்த்த வேண்டும், அதற்கு ஓரிரு நொடிகளே கிடைக்கும். இறக்கை உடலுக்கு மேலே அமைந்து, அதன் இரு நுனிகளும் சற்று மேல்நோக்கி உயர்ந்திருக்கும் பயிற்சி விமானமோ, ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டதும் பெரும்பாலும் தானாகவே நேராகிக்கொள்ளும். நுனிக்கு நுனி ஒரு மீட்டருக்குக் குறையாத இறக்கை நீளம், பிரஷ்லெஸ் மோட்டார் (தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் இல்லாதது), தேவைப்படும்போது அணைத்துவிடக்கூடிய கைரோ (சாய்வை உணர்ந்து விமானத்தை நிலைப்படுத்தும் கருவி) ஆகியவை இருந்தால் போதுமானது.

தெர்மாகோலையும் ஈ.பி.ஓ. என்னும் நுரைப்பொருளையும் கடையிலேயே பிரித்தறியலாம். விளிம்பை விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள்: தெர்மாகோல் மணிமணியாக உதிர்ந்து முறியும், ஈ.பி.ஓ. வளைந்து மீளும். அதில் விழும் சிறு நசுங்கலை வெந்நீர் காட்டியே ஓரளவு சரிசெய்துவிடலாம். மலிவான விமானத்தைப் பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மை என்று விற்றால், அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம்.

விமானத்தைவிட முக்கியமாக நான் கருதுவது உதிரி பாகங்களை. என் அக்கா மகன் அலங்காநல்லூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் முதன்முதலாகப் பறக்கவிட்ட விமானம், மூன்றாவது நிமிடத்தில் பனைமரத்தில் மோதிக் கீழே விழுந்தது. மூக்கு நசுங்கி, ப்ரொப்பெல்லரில் ஓர் அலகு ஒடிந்திருந்தது. நுரையைப் பசை வைத்து அன்று மாலையே ஒட்டிவிட்டோம். ஆனால் விற்ற கடையில் அந்த அளவு ப்ரொப்பெல்லர் இல்லை, வரவழைக்க ஆறு வாரமாயிற்று. பழகும்போது விமானம் விழத்தான் செய்யும். ஆகவே, "இதற்கு ப்ரொப்பெல்லர், இறக்கை, சர்வோ (வால், இறக்கை மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்) தனித்தனியாக இருப்பில் உள்ளனவா?" என்று கேட்டு, கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், காட்டாத கடையில் வாங்க வேண்டாம். இரண்டு ப்ரொப்பெல்லர்களை அன்றே கூடுதலாக வாங்கிவிடுங்கள்.

பெட்டியில் என்னென்ன அடங்கும் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ரிமோட்டும் பேட்டரியும் சார்ஜரும் இல்லாமல் விமானத்தை மட்டும் விற்பதும் உண்டு. இவ்விமானங்களில் வரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பதால், செல்களைச் சமப்படுத்தி ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் அவசியம். பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, சிமெண்டுத் தரையில் வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டும். உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தவே கூடாது. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விட்டுவைப்பதும் ஆபத்து.

இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். பழுதான அல்லது விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமில்லை. விழுந்து உடைந்ததற்கு மட்டும் இவை பொருந்தா.

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். இறங்க இடமிருக்காது, சுற்றிலும் மின்கம்பிகள், கீழே தெருவில் மனிதர்கள். அறுவடை முடிந்த வயலோ, கருவேல மரம் மண்டாத வறண்ட கண்மாயோ ஏற்ற இடம். மதுரை விமான நிலையத்துக்கு அருகிலுள்ள அவனியாபுரம், பெருங்குடி போன்ற இடங்களில் உறவினர் வீட்டுக்குப் போகும்போது விமானத்தைக் கொண்டுபோகாதீர்கள். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியின்றி எந்த உயரத்திலும் பறக்கவிடக் கூடாது. மேலூர் அந்த வட்டத்துக்கு வெகு வெளியே இருந்தாலும், மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் வயல், பறக்க முன்அனுமதி தேவைப்படாத பச்சைப் பகுதிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கும் 120 மீட்டர் உயரமே எல்லை.

அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக் காற்று ஓயும்வரை, கணினியில் சிமுலேட்டரில் மகன் பழகட்டும். பிறகு காற்றில்லாத ஒரு விடியற்காலையில், சமநிலைப் புள்ளி என்று பெட்டியில் குறித்துள்ள இடத்தில் இறக்கையின் அடியில் இரு விரல்களைக் கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னே நகர்த்தி, விமானம் விரல்மேல் நேராக நின்ற பின்னரே பறக்கவிடுங்கள்.