கிற்றாரை மாற்றுவதா, தந்தியை மாற்றுவதா? – கேள்வி பதில்

வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் இருபது வருசத்துக்கு மேலாக எலெக்ட்ரிக் கிற்றார் திருத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் திருத்த வருவதில்லை, "கூடின விலைக்கு ஒன்று வாங்கட்டா?" என்று கேட்க வருகிறார்கள். கேட்டதற்கெல்லாம் இங்கே பதில். வயலின், கீபோர்ட், அகூஸ்டிக் என் துறை இல்லை.

வெள்ளவத்தை: உயர்தரப் பரீட்சை முடிந்துவிட்டது. மூன்று வருசமாக ஸ்குவயர் ஸ்ட்ராட் கிற்றார் வாசிக்கிறேன், சுருதியில் நிற்கிறதே இல்லை. கனடா மாமா மெக்சிகோவில் செய்த, விலை கூடின ஃபெண்டர் வாங்கக் காசு தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

தம்பி, தந்தி கடைசியாக எப்ப மாற்றினீர்கள்? உங்கள் வீடு கடலுக்குக் கிட்ட என்றால் மெல்லிய மூன்று தந்தியும் சில கிழமையிலேயே கறுத்துவிடும். துரு ஏறின தந்தியின் பாரம் ஓரிடத்தில் கூட, ஓரிடத்தில் குறைய இருக்கும். அதை எந்த ட்யூனராலும் சுருதிக்குக் கொண்டுவர ஏலாது. வாசித்து முடிந்ததும் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். இதை இன்னும் பல தடவை சொல்லப்போகிறேன், அலுத்துக்கொள்ள வேண்டாம்.

புதுத் தந்தி போட்டுச் சுருதி கூட்டும்போது காதைத் தீட்டுங்கள். "டிக்" என்று ஒரு சத்தம் வந்து சுருதி திடீரென்று பாய்ந்தால் தந்தி நட்டில், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் பள்ளக் கட்டையில், சிக்குகிறது. பழி போவது ட்யூனிங் கீக்கு, குற்றவாளி நட். பென்சில் கரியை அந்தப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் பள்ளத்தை அராவ வேண்டும், அதை வீட்டில் செய்யாதீர்கள்.

பிறகு கழுத்து. ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி. ஆகத் தடித்த ஆறாம் தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அமர்த்துங்கள். நடுவில், ஏழு எட்டாம் ஃபிரெட் பக்கம், கால் மில்லிமீற்றர் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. இந்த ஈரக்காற்றுக்குக் கழுத்து வளையும், கழுத்துக்குள் ஓடும் உருக்குக் கம்பி, ட்ரஸ் றொட், இருப்பதே அதற்காகத்தான். ஆனால் ஒரு நாளைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல் ஆறாம் தந்தி ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கட்டும். கடைசியாக, அதே பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தியை அமர்த்தாமல் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கையும், அமர்த்தி வாசிக்கும் சுரத்தையும் ஒப்பிடுங்கள். அமர்த்தினது ஏறிப்போனால் உடம்பில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் அந்தத் தந்தியின் சின்னத் தாங்கியை, சாடிலை, பின்னுக்குத் தள்ளுங்கள்.

இதெல்லாம் செய்து ஒரு மாதம் வாசியுங்கள். ஸ்குவயர் ஃபெண்டரின் சொந்தப் பெயர்தான், 1982 முதல் அந்தப் பெயரில் கிற்றார் வருகிறது. தந்தி நீளம் இரண்டிலும் ஒன்று, 25.5 அங்குலம். கூடின காசுக்கு வருவது வடிவாக உருட்டின ஃபிரெட் விளிம்பு, நல்ல ட்யூனிங் கீ, திருப்பும்போது கரகரக்காத வொலியூம் குமிழ், கைக்கு இதமான கழுத்து. அவை வேண்டாத சாமான் இல்லை. மாதம் முடிய, "என் கிற்றாரில் இது ஏலாது" என்று ஒரு வசனத்தில் எழுத முடிந்தால் மாமாவுக்கு அழைப்பு எடுங்கள்.

கொட்டாஞ்சேனை: கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். அம்ப்ளிஃபயர் (அம்ப்) போட்டதும் "ம்ம்ம்" என்று இரைகிறது. விலை கூடின கிற்றாரில் இரைச்சல் வராதுதானே?

தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப்பில் ஒரே ஒரு கம்பிச் சுருள் (ஒற்றைக் கொயில்) என்றால் ஒரு லட்சத்துக்கும் இரையும், பத்து லட்சத்துக்கும் இரையும். கிப்சன் கிற்றார் கம்பனியில் வேலைசெய்த சேத் லவர் 1955இல் இரண்டு கொயிலை எதிரெதிராகச் சேர்த்து ஹம்பக்கர் என்ற பிக்கப் செய்ததே இந்த இரைச்சலைக் கொல்லத்தான். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அது வழமைதான்.

ஆனால் ஒன்று. கிற்றாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு படும்போது சுள்ளென்று அடிக்கிறதா? அப்படியென்றால் உடனே நிறுத்துங்கள். பழைய கட்டடங்களில் பிளக்கில் எர்த் ஓட்டை இருக்கும், உள்ளே வயர் இருக்காது. 230 வோல்ட்டோடு விளையாட்டு வேண்டாம். கிற்றார் திருத்துகிறவரைத் தேடாமல் கரண்ட் வேலை செய்கிறவரைக் கூப்பிடுங்கள்.

தெமட்டகொடை: இரண்டு லட்சத்துக்குள் எது சிறந்த கிற்றார்?

உங்கள் கையில் இப்ப என்ன இருக்கிறது, என்ன வாசிக்கிறீர்கள், எந்த அம்ப்? ஒன்றும் சொல்லவில்லை.

பம்பலப்பிட்டி: பத்து வாட் பயிற்சி அம்ப், யமஹா பசிஃபிக்கா. எதை முதலில் மாற்ற?

அம்ப்பை. யமஹாவைத் தொட வேண்டாம்.

தெகிவளை: கலியாண வீடுகளில் பைலா பாண்ட். ஒரு இரவுக்கு நாலு மணித்தியாலம், கிழமைக்கு இரண்டு மூன்று நிகழ்ச்சி. மனைவி "இருக்கிறது போதாதா" என்கிறார்.

அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், உங்களுக்குப் போதாது. இது உழைக்கிற சாமான். பைலா ரிதத்தில் வலது கை ஓயாது, இடது கைக்குக் கீழே ஃபிரெட் தேய்ந்துகொண்டே போகும். வாங்குவதென்றால் ஸ்டெயின்லெஸ் ஃபிரெட் போட்டது வாங்குங்கள். நிக்கல் ஃபிரெட்டைவிடக் கன காலம் உழைக்கும், வியர்வைக்கும் கறுக்காது. தோளில் போட்டு அரை மணித்தியாலம் நின்று பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். கிப்சனின் லெஸ் போல் வகைக் கிற்றாரில் நாலு கிலோவைத் தாண்டுவது சாதாரணம். பழையதை விற்காதீர்கள். தாலி கட்டி முடிந்து கூட்டம் ஆட எழும்பும் நேரம் பார்த்துத்தான் தந்தி அறும்.

மட்டக்குளி: ஒருவர் 90,000 ரூபாய்க்குக் கிப்சன் லெஸ் போல் தருகிறார். பெட்டியோடு.

பெட்டி உண்மையாக இருக்கலாம். தலைப்பகுதியில் ட்ரஸ் றொட்டை மூடும் சின்னத் தகட்டைப் பாருங்கள். கிப்சனில் திருகாணி இரண்டு, போலிகள் கனவற்றில் மூன்று. இரண்டு இருந்தாலும் அந்த விலைக்கு நம்ப வேண்டாம்.

மொறட்டுவை: நான் தளபாடத் தச்சன், கிற்றாரும் வாசிப்பேன். எல்லாரும் பிக்கப், நட் என்கிறீர்கள். விலை கூடின கிற்றாரின் நாதம் மரத்தில் இருக்கிறது. மகோகனி ஒரு மாதிரிப் பேசும், மேப்பிள் வேறு மாதிரி.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன், அண்ணை. வீணையென்றால் உங்கள் காலில் விழுவேன். பலாக் குடம்தான் அங்கே பாடுகிறது. எலெக்ட்ரிக் கிற்றாரில் பாடுவது மரம் இல்லை. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக்கம்பி. மேலே உருக்குத் தந்தி அசைகிறது, கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. அதே கிற்றாரில் நைலோன் தந்தி போடுங்கள், அம்ப் ஊமை. மரம் அங்கேதானே இருக்கிறது?

மொறட்டுவை (மீண்டும்): தந்தி இரண்டு பக்கமும் மரத்தில்தானே கட்டியிருக்கிறது? மரம் விழுங்குகிற அதிர்வு தந்தியில் குறையாதா?

நியாயமான அடி. குறையும். ஒரு சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில் கழுத்துக்கும் உடம்புக்கும் பங்கு இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பிக்கப்பை இரண்டு மில்லிமீற்றர் உயர்த்தினால் வரும் வித்தியாசத்தில் அது மூழ்கிப்போகும். பழைய தந்திக்கும் புதுத் தந்திக்கும் உள்ள வித்தியாசமே அதைவிடப் பெரிது.

மொறட்டுவை: குயீன் குழுவின் பிரையன் மே தகப்பனோடு சேர்ந்து பழைய அடுப்பு மேடை மரத்தில் செய்த கிற்றார்? அதன் நாதம் உலகப் பிரசித்தம்!

அடுப்பு மேடை மரம் கழுத்துக்குப் போனது. உடம்பில் பழைய மேசையின் ஓக்கோடு புளொக்போர்ட், மேலே மகோகனி வெனியர். புளொக்போர்ட் என்றால் சின்னக் கட்டைகளை ஒட்டிச் செய்த பலகை என்று மொறட்டுவைக்கு நான் விளக்கத் தேவையில்லை. சுருதியை அசைக்கும் கைபிடிக்கு, ட்ரெமலோவுக்கு, மோட்டார்சைக்கிள் வால்வு ஸ்பிரிங். இன்னும் வேண்டுமா? 1940களின் தொடக்கத்தில் லெஸ் போல் கிற்றாருக்குப் பெயர் கொடுத்த வாத்தியக்காரர் லெஸ் போல் நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலக் கட்டையில் பிக்கப் பூட்டி வாசித்தார். சனம் கிற்றார் என்று நம்ப வேண்டுமே என்று வேறொரு கிற்றாரின் இரண்டு பாதியைப் பக்கத்தில் ஒட்டினார்.

வத்தளை: தச்சர் சொல்வதுதான் சரி. என் காதுக்குக் கேட்கிறது.

கண்ணைக் கட்டிக்கொண்டும் கேட்டதா?

கல்கிசை: அப்படியென்றால் நம்முடைய கருங்காலியில் விரல்பலகை போடுவதில் பிரயோசனம் இல்லையா?

விரலுக்குச் சுகம், கெதியில் தேயாது, வடிவு. ஆனால் இலங்கைக் கருங்காலி பாதுகாக்கப்பட்ட மரம். எங்கே இருந்து வந்தது என்று காட்ட முடியாத பலகையை என் அறைக்குக் கொண்டுவர வேண்டாம்.

கொள்ளுப்பிட்டி: கர்நாடக சங்கீதம் கிற்றாரில் வாசிக்கிறேன். கமகத்துக்குக் கழுத்து இடங்கொடுக்கவில்லை. புதிது வேண்டுமா?

உங்களிடம் காரணம் இருக்கிறது, தங்கச்சி. முதலில் 9 அளவு மெல்லிய தந்தி, உயரமான ஃபிரெட். போதாவிட்டால் ஃபிரெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கின கழுத்து. விரல் மரத்தில் உரசாது, தந்தியை இழுத்து அசைக்க இடம் கிடைக்கும். யூ. ஸ்ரீநிவாஸ் எட்டுத் தந்தி மாண்டலினை விட்டு ஐந்து ஒற்றைத் தந்தி எலெக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனதும் வாத்தியத்தைக் கமகத்துக்கு வளைக்கத்தான். பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் "வாங்கு" என்பேன், அது நீங்கள்.

வெள்ளவத்தை: ஒன்றரை லட்சத்துக்குள் எது நல்லது?

மேலே பாருங்கள்.

கிரான்ட்பாஸ்: மூன்று லட்சத்துக்கு?

தந்தி மாற்றினீர்களா?

வெள்ளவத்தை: லண்டனிலிருந்து அண்ணா கொண்டுவந்தால் வரி எவ்வளவு?

சுங்கத்தைக் கேளுங்கள். ஒன்று மட்டும் அண்ணாவிடம் சொல்லுங்கள், விமானத்தில் ஏற்றுமுன் தந்தியைக் கொஞ்சம் தளர்த்தட்டும்.

மொறட்டுவை: ஆறுதலாக யோசித்தேன். என்னிடம் பலாப் பலகை ஒன்று இருக்கிறது, பத்து வருசம் காய்ந்தது. அதில் ஒரு உடம்பு வெட்டுகிறேன். பேச்சை விட்டுக் கேட்டே பார்ப்போம்.

அப்படி வாருங்கள்! அதே அச்சில் புளொக்போர்டிலும் ஒன்று வெட்டுங்கள். கழுத்து, பிக்கப், பிரிட்ஜ் என்னுடையது, இரண்டுக்கும் அதையே மாற்றி மாற்றிப் பூட்டுவேன். பிக்கப் உயரத்தை உங்கள் முன்னால் அளந்து வைப்பேன். வாசிக்கத் தெகிவளை பைலாக்காரரைக் கூப்பிடுவோம். நடுவில் தொங்கவிட ஒரு தடித்த திரைச்சீலை வேண்டும், என்னிடம் இல்லை. வத்தளைக்காரரும் வரலாம், வரும்போது அதைக் கொண்டுவரட்டும்.