ஒன்பது வயது மகனின் எடை கூடிக்கொண்டே போகிறது. இரவுச் சோற்றை நிறுத்திவிடலாமா?

மகனுக்கு ஒன்பது வயது, உயரம் 134 செ.மீ., எடை 40 கிலோ என்றும், பெரும்பாலும் வீட்டுச் சாப்பாடுதான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். "பால் சதைதான், வளர்ந்தால் வற்றிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மருத்துவ ஆலோசனையாக இல்லாமல், இந்த வயதுப் பிள்ளைகளை நாள்தோறும் பார்ப்பவர் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் மகனின் பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவு, ஏறத்தாழ 22.3. பெரியவர்களுக்கான 25 (அதிக எடை), 30 (உடல் பருமன்) என்ற எல்லைகளைப் பிள்ளைகளுக்குப் பொருத்தக்கூடாது. வயதையும் பாலினத்தையும் வைத்தே பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் ஒன்பது வயது ஆண் பிள்ளைக்கு நடுமதிப்பு 16. ஏறக்குறைய 20-ஐத் தாண்டினால் உடல் பருமன். ஆகவே பால் சதை என்று விட்டுவிடக்கூடிய நிலை இதுவல்ல.

ஆனால் சோற்றை நிறுத்தாதீர்கள். என் பார்வையில் சிக்கல் இரவுத் தட்டில் இல்லை. பள்ளி வேன் வீட்டு வாசலில் நிற்கும் நேரத்திலிருந்து பிள்ளை உறங்கும் வரையிலான அந்த ஐந்தாறு மணி நேரத்தில்தான் இருக்கிறது. மதிய இடைவேளை முடிந்ததும் வகுப்பறைப் பக்கம் போனால், பாதிக்கு மேல் சோறு மிஞ்சிய டிபன் பாக்ஸ்களை அப்படியே மூடிப் பைக்குள் வைக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அந்தப் பசியோடு வீட்டுக்கு வருகிற பிள்ளை, கைக்கு முதலில் கிடைக்கிற பிஸ்கட்டையும் மிக்சரையும் கைப்பேசியைப் பார்த்தபடியே தின்கிறது. பிறகு டியூஷன், வீட்டுப்பாடம். இரவு ஒன்பதரைக்குத் தட்டின் முன் உட்காரும்போது பசியே இருக்காது. கார்ட்டூனைப் போட்டுவிட்டு அம்மா ஊட்டுகிறார். திரையில் கண் பதிந்திருக்கும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. பதினொரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் காலையில் இட்லி இறங்காது. மறுநாளும் இதே சுற்றுதான். தூக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, போதும் என்று உணர்த்தும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைவதால், இனிப்பையும் பொரித்ததையும் நாக்கு இன்னும் அதிகமாகத் தேடும்.

பானங்களைத் தனியே கவனியுங்கள். மாம்பழச் சாறு டப்பாவின் பின்புறம் 100 மி.லி.க்கு 13 கிராம் சர்க்கரை என்று இருந்தால், 200 மி.லி. குடிக்கும் பிள்ளைக்கு 26 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிக்கு மேல் சர்க்கரை போகிறது. பாலில் கலக்கும் சாக்லேட் மாவும் பெரும்பாலும் இந்த வகைதான். அத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்கக்கூடாது என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம் அறிவுறுத்தியது.

வீட்டில் மாற்ற வேண்டியது இந்த வரிசையைத்தான். வேனிலிருந்து இறங்கியதும் சுண்டல், அவித்த வேர்க்கடலை, முட்டை, இரண்டு இட்லி என்று உண்மையான உணவு ஒன்றைக் கொடுங்கள். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் கொண்டுவந்து, சோற்றைச் சற்றுக் குறைத்துப் பொரியலையும் பருப்பையும் கூட்டுங்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். ஒன்பது மணிக்குப் படுக்கை. இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். இதை வீடு முழுவதும் செய்ய வேண்டும். அப்பா மிக்சர் சாப்பிடும்போது பிள்ளைக்கு மட்டும் வெள்ளரிக்காய் கொடுப்பது தண்டனையாகத்தான் தெரியும்.

விளையாட்டைப் பற்றி எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடல் நன்றாக இயங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பள்ளிகளிலோ, தேர்வு நெருங்கினால் பி.டி. பீரியட்தான் முதலில் கணக்குப் பாடத்துக்குப் போகிறது. கிடைக்கும் நேரத்திலும் அணி பிரிக்கும்போது கடைசியாக அழைக்கப்படுபவன் பருமனான பையன்தான். "குண்டா" என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சியே ஓரமாக நின்றுவிடுகிறான். அதிகம் ஓட வேண்டியவன் குறைவாக ஓடுகிறான். அவனை ஓட்டப் பந்தயத்தில் நிறுத்தாமல் கபடி, நீச்சல், சைக்கிள் போன்றவற்றில் விடுங்கள். கபடியில் எதிராளியை மடக்கிப் பிடிக்கும்போது அவன் எடையே அவனுக்குத் துணையாகும்.

எடையைக் குறைக்கவும் அவசரப்பட வேண்டாம். இந்த வயதில் ஆண்டுக்கு 5, 6 செ.மீ. உயரம் கூடும். எடை 40 கிலோவிலேயே நின்று, பதினொரு வயதில் உயரம் 145 செ.மீ. ஆனால், பி.எம்.ஐ. 19 ஆகிவிடும், அந்த வயதுக்கு அது இயல்பான அளவு.

இதற்கிடையில் ஒரு முறை குழந்தை நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் எடை மட்டும் ஏறினால் தைராய்டு போன்ற காரணங்களைப் பார்க்க வேண்டியிருக்கும். உறக்கத்தில் பலத்த குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். பின்கழுத்தையும் அக்குளையும் பாருங்கள். தோல் தடித்து, வெல்வெட் போலக் கருத்திருந்தால், அது பெரும்பாலும் இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அறிகுறி. அழுக்கென்று எண்ணிக் கடலை மாவு போட்டுத் தேய்க்கும் பெற்றோர் பலர். தேய்த்தால் அது போகாது, இரத்தப் பரிசோதனைதான் தேவை.