டெக்சஸ் கிராமப்புறத்தில் டிராஃபிக் டிக்கெட்: கேள்வி பதில்

டெக்சஸின் சிறிய கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) ஒன்றில், சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டில் கிளார்க்காக வேலை பார்த்தவள் நான். எல்லோரும் சொல்வது ஜே.பி. கோர்ட். நான் வழக்கறிஞர் அல்ல. டிக்கெட் எந்த அலுவலகத்தில் இருக்கிறது, அதை எப்படி முடிப்பது என்பதைக் கேளுங்கள்.

கார்த்திக், ஃபிரிஸ்கோ: டாலஸிலிருந்து ஹூஸ்டன் போகும்போது ஐ-45 சாலையில் மாநில ட்ரூப்பர் (மாநிலப் போலீஸ்காரர்) நிறுத்தினார். 75 மைல் சாலையில் 92 போனேன் என்று டிக்கெட் தந்தார். தாளைத் தொலைத்துவிட்டேன். எந்தக் கவுன்டி என்பதும் நினைவில்லை. மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறையான டி.பி.எஸ். இணையதளத்தில் தேடினால் ஒன்றும் வரவில்லை. என்ன செய்வது?

தேடிய இடம்தான் தவறு, தம்பி. டிக்கெட்டை எழுதுவது மட்டும்தான் ட்ரூப்பரின் வேலை. வழக்கு, அவர் உங்களை நிறுத்திய கவுன்டியின் ஜே.பி. கோர்ட்டுக்குப் போகும். ஷெரிஃப் ஆட்களோ கான்ஸ்டபிளோ எழுதியதும் அங்கேதான் போகும். நகர எல்லைக்குள் அந்த ஊர் போலீஸ் எழுதியிருந்தால் மட்டும் முனிசிபல் கோர்ட். இது தெரியாமல் ஊர் ஊராகப் போன் போட்டு அலைபவர்களே அதிகம்.

முதலில் கவுன்டியைக் கண்டுபிடிப்போம். டாலஸை விட்டுத் தெற்கே இறங்கினால் எல்லிஸ், நவாரோ, ஃப்ரீஸ்டோன், லியோன், மாடிசன், வாக்கர், மான்ட்கோமரி என்று வரிசையாக வரும். கார்சிகானா நவாரோவில் இருக்கிறது, ஃபேர்ஃபீல்ட் ஃப்ரீஸ்டோனில். பஃபலோவும் சென்டர்வில்லும் லியோன் கவுன்டி. மாடிசன்வில் பக்கீஸ் கடையைத் தாண்டிய பிறகா, அதற்கு முன்பா? ஹன்ட்ஸ்வில்லில் நிற்கும் சாம் ஹியூஸ்டன் சிலையைப் பார்த்துவிட்டீர்களா? போனில் அன்றைய பயணப் பதிவு இருந்தால் இந்த யோசனையே வேண்டாம்.

கவுன்டி தெரிந்தபின் பிரிசிங்ட், அதாவது கவுன்டிக்குள் ஒரு ஜே.பி. நீதிபதிக்கு உரிய பகுதி. சிறிய கவுன்டியில் ஒரே ஒரு ஜே.பி. இருக்கலாம், நான்கு பேரும் இருக்கலாம். கவுன்டியின் இணையதளத்தில் ஒவ்வொரு அலுவலகத்தின் தொலைபேசி எண்ணும் இருக்கும். ஓட்டுநர் உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். தங்களிடம் இல்லையென்றால் எந்தப் பிரிசிங்ட் என்று பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். மதிய உணவு நேரத்தில் யாரும் எடுக்கவில்லை என்றால் கோபப்படாதீர்கள். அலுவலகத்தில் இருப்பதே ஒருவரோ இருவரோதான்.

அதே கார்த்திக்: கூப்பிட்டேன். "இன்னும் எங்களிடம் வரவில்லை" என்கிறார்கள். அப்படியானால் தப்பித்தேனா?

இல்லை. அதிகாரி எழுதிய நாளுக்கும் கிளார்க் கணினியில் ஏற்றும் நாளுக்கும் இடையே சில வாரங்கள்கூட ஓடலாம். ஆனால் டிக்கெட்டில் போட்ட ஆஜராகும் தேதி உங்களுக்காகத் தள்ளிப்போகாது. அந்தத் தேதி எது என்பதும் உங்களுக்குத் தெரியாததால் வாரம் ஒரு முறை கூப்பிடுங்கள். யாரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்று குறித்து வையுங்கள்.

மீனாட்சி, கேட்டி: அக்கா, என் கணவரின் டிக்கெட்டை இணையத்தில் பெயர் போட்டுத் தேடினால் கிடைக்கவே மாட்டேன் என்கிறது. கோர்ட் சரியான கோர்ட்தான்.

நம்மவர்களின் டிக்கெட்டுகளில் பாதிச் சிக்கல் இங்கேதான். அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், இனிஷியல் நடுப்பெயராகிவிடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதற்பெயர் தெரியவில்லை) என்று வந்து உட்காரும், அது உரிமத்துக்கும் தொற்றிக்கொள்ளும். பதினெட்டு எழுத்துப் பெயரைச் சாலையோரத்தில் நின்று அதிகாரி கையால் எழுதினால், அதைப் பார்த்துத் தட்டச்சு செய்பவர் ஓர் எழுத்தையாவது விடுவார். நானும் அப்படி எழுத்தை விட்டவள்தான்.

ஆகவே பெயரால் தேடாதீர்கள். டிக்கெட் எண், இல்லையென்றால் உரிம எண். இரண்டிலும் கிடைக்காவிட்டால் கிளார்க்கைக் கூப்பிட்டு, நிறுத்திய தேதியையும் பிறந்த தேதியையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். கிடைத்ததும் எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பிறகு வழக்கு முடிந்ததற்கான தாள் வேறு யாரோ ஒருவர் பெயரில் வரும்.

பெயர் வேண்டாம், ஆஸ்டின்: அபராதத்தை ஆன்லைனில் கட்டிவிட்டால் முடிந்ததல்லவா? ஏன் இத்தனை பேச்சு?

கட்டினால் முடிந்துவிடும், குற்றத் தீர்ப்போடு. டெக்சஸில் வேக டிக்கெட் என்பது கிளாஸ் சி மிஸ்டிமீனர், அதாவது குற்ற வழக்கு. பணம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். அது உங்கள் ஓட்டுநர் பதிவில் ஏறும், காப்பீட்டு நிறுவனம் அதைப் பார்க்கும். சாலையோரத்தில் டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டது மட்டும் ஒப்புதல் ஆகாது. அது ஆஜராவேன் என்ற வாக்குறுதிதான்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பாதுகாப்பு ஓட்டுநர் வகுப்பு. டெக்சஸ் உரிமமும் செல்லுபடியாகும் காப்பீடும் இருந்து, கடந்த 12 மாதங்களில் இதே சலுகையை வாங்காமல் இருந்து, வரம்புக்கு மேல் 25 மைலை எட்டாமலும் மொத்த வேகம் 95ஐத் தொடாமலும் இருந்தால், இதைக் கேட்பது உங்கள் உரிமை. மேலே கேட்ட கார்த்திக்குக்கு இது பொருந்தும். மாநில நெடுஞ்சாலை 130இல் 85 மைல் அனுமதி உள்ள பகுதியில் 95 போனவருக்குப் பொருந்தாது, பத்தே மைல்தான் கூடுதல் என்றாலும். வணிக வாகன உரிமம் வைத்திருப்பவருக்கும், ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த சாலைப் பணியிடத்தில் மாட்டியவருக்கும் கிடையாது. ஆஜராகும் தேதிக்குள் கேட்க வேண்டும், கேட்டபின் 90 நாளுக்குள் சான்றிதழையும், டி.பி.எஸ். தரும் 3ஏ வகை ஓட்டுநர் பதிவையும் கோர்ட்டில் சேர்க்க வேண்டும். வகுப்பை முடித்துவிட்டு அந்தப் பதிவை அனுப்ப மறப்பவர்கள் ஏராளம்.

இரண்டாவது, டிஃபர்டு டிஸ்போசிஷன். நீதிபதி 180 நாள் வரை தவணை தருவார். அதுவரை புது டிக்கெட் வாங்காமல், அவர் போட்ட நிபந்தனைகளைக் காப்பாற்றினால் வழக்கு தள்ளுபடி. இது அவர் விருப்பம், உங்கள் உரிமை அல்ல. மரியாதையாக ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் கிராமப்புறங்களில் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

குற்றமே செய்யவில்லை என்பவர் விசாரணை கேட்கலாம். ஜே.பி. கோர்ட்டிலும் ஆறு பேர் ஜூரி உண்டு. அங்கே இருக்கும் நீதிபதி சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் டெக்சஸில் இல்லை. தோற்றால் மேல்முறையீட்டில் கவுன்டி கோர்ட்டில் வழக்கு முதலிலிருந்து புதிதாக நடக்கும்.

செல்வி, சான் அன்டோனியோ: ஊரிலிருந்து வந்த அப்பா இந்திய உரிமத்தில் ஓட்டி டிக்கெட் வாங்கிவிட்டார். அடுத்த மாதம் திரும்புகிறார்.

டெக்சஸ் உரிமம் இல்லாததால் வகுப்பை உரிமையாகக் கேட்க முடியாது. டிஃபர்டு கேட்டு எழுதுங்கள். பயண டிக்கெட்டின் நகலை இணையுங்கள், அவர் கிளம்புவதற்குள் முடித்துவிடுங்கள். அப்படியே விட்டுவிட்டுப் போய், அடுத்த முறை இங்கே வரும்போது பழைய வாரண்ட்டோடு வர வேண்டாம்.

ராஜா, ஹூஸ்டன்: மாணவனாக இருந்தபோது வாங்கிய பழைய டிக்கெட் ஒன்றை விட்டுவிட்டேன். இப்போது உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் கைது செய்வார்களா என்று பயமாக இருக்கிறது.

உங்களைத் தடுப்பது ஆஜராகாதோர் திட்டம். ஆஜராகாதவர்கள் பெயரைக் கோர்ட் அனுப்பும், டி.பி.எஸ். புதுப்பித்தலை நிறுத்தும். அந்தத் திட்டத்துக்கென இருக்கும் இணையதளத்தில் உரிம எண்ணைப் போட்டால் எந்தக் கோர்ட், எந்த வழக்கு என்று காட்டும். பழைய டிக்கெட் எங்கே கிடக்கிறது என்று தெரியாதவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை.

ஆஜராகாததற்காக வாரண்ட் போடுவதற்கு முன் கோர்ட் தொலைபேசியிலோ தபாலிலோ தகவல் தர வேண்டும் என்று 2017இல் சட்டம் வந்தது. நீங்களாக வந்து முடிக்க முயன்றால் அந்த வாரண்ட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. தீர்ப்பான பிறகு அபராதம் கட்டாததற்குப் போடும் வாரண்ட் வேறு. முதலில் போனில் கிளார்க்கிடம் எந்த வகை என்று கேளுங்கள், பயமாக இருந்தால் வழக்கறிஞரை அனுப்புங்கள். பணம் இல்லையென்றால் அதையும் சொல்லுங்கள். தவணையும் சமூக சேவையும் உண்டு. 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்த தொகை வசூல் நிறுவனத்துக்குப் போனால் 30 சதவீதம் கூடுதலாக ஏறலாம். அபராதத்துக்கு மேல் சர்சார்ஜ் என்று ஒரு கூடுதல் கட்டணம் ஆண்டுதோறும் கறந்துகொண்டிருந்தது. அது மட்டும் 2019 செப்டம்பரோடு ஒழிந்தது.

லதா, பிளேனோ: "டெக்சஸ் டி.எம்.வி., அபராதம் கட்டுங்கள்" என்று குறுஞ்செய்தி வந்தது.

மோசடி. டெக்சஸில் டி.எம்.வி. என்பது வாகனப் பதிவைப் பார்க்கும் துறை, டிராஃபிக் டிக்கெட்டைத் தொடுவதே இல்லை. அழித்துவிடுங்கள்.

பிரபு, இர்விங்: கிரீன் கார்டு விண்ணப்பத்தில் இதைச் சொல்ல வேண்டுமா? வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டதே.

ஐ-485 படிவம் கைதை மட்டும் கேட்கவில்லை, போலீஸ் கொடுத்த டிக்கெட்டையும் சேர்த்தே கேட்கிறது. எப்படி எழுதுவது என்பதை உங்கள் குடியேற்ற வழக்கறிஞர் சொல்லட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, தள்ளுபடி ஆணையின் சான்றிட்ட நகலை இப்போதே ஜே.பி. அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்குவது. சிறிய கட்டணம்தான். மனி ஆர்டராக அனுப்புங்கள், தனிநபர் செக்கைப் பல சிறு அலுவலகங்கள் வாங்குவதில்லை. தபால்தலை ஒட்டிய பதில் உறையில் உங்கள் முகவரியை எழுதி உள்ளே வைத்துவிடுங்கள்.