சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்? விமானத்தில் போக எத்தனை மணி நேரம் ஆகும்?

சுமார் 15,300 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் 18 முதல் 19 மணி நேரம். நடுவில் ஓர் ஊரில் இறங்கி மாறினால் 22, 24 என்று போகும். நான் ஒரே ஒரு முறை நேரடி விமானத்தில் போயிருக்கிறேன், அதுவும் அலுவலகச் செலவில்.

தூரத்தை நீங்களே கணக்குப் போடலாம், இந்த இரண்டு ஊர்களுக்கு அது ரொம்பச் சுலபம். சிங்கப்பூர் இருப்பது கிழக்கே 104 டிகிரியில், நியூயார்க் மேற்கே 74 டிகிரியில். கூட்டினால் 178. அதாவது உருண்டையில் ஏறக்குறைய நேர் எதிரெதிர்த் தீர்க்கரேகைகள். அப்படியானால் மிகக் குறுகிய வழி கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டிப் போய் அந்தப் பக்கம் இறங்குவதுதான். சிங்கப்பூரிலிருந்து துருவம் 88.6 டிகிரி, அங்கிருந்து நியூயார்க் 49.4. மொத்தம் 138. ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர், பெருக்கிப் பாருங்கள்.

இப்போது நேரம். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 17 மணி நேரம் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்தால் 18 சரிதான். ஆனால் நான் போனபோது முன்னிருந்த திரையில் விமானம் துருவத்தின் பக்கமே போகவில்லை. பசிபிக்கைத் தாண்டிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. சுற்றுவழியில் போகிறார்களே என்று நினைத்தேன். விஷயம் காற்றில் இருக்கிறது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் வீசுகிறது, வேகம் சில இடங்களில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். அதன் முதுகில் ஏறிக்கொண்டால் தூரம் கூடினாலும் நேரம் குறையும். காற்று தினமும் மாறுவதால் பாதையும் மாறும். திரும்பும்போதும் சில நாட்களில் அட்லாண்டிக் வழியாகக் கிழக்கேயே வருவார்கள். அப்படி அமைந்தால் ஒரு முறை போய்வந்ததே உலகைச் சுற்றிய கணக்கு!

இந்த வழித்தடத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நியூயார்க்கை அடுத்த நூவர்க்குக்கு நேரடி விமானம் விட்டது. நான்கு எஞ்சின் ஏ340-500, எரிபொருளைக் குடித்துத் தள்ளும். 2013இல் நிறுத்திவிட்டு, 2018 அக்டோபரில் இரட்டை எஞ்சின் ஏ350 வந்த பிறகு மறுபடி தொடங்கினார்கள். அதில் 161 இருக்கைகள்தான், எகானமி வகுப்பே கிடையாது. அவ்வளவு எரிபொருளைச் சுமக்க வேண்டுமென்றால் ஆட்களைக் குறைக்கத்தானே வேண்டும். சொந்தக் காசில் நான் ஏன் போகவில்லை என்பது புரிந்திருக்கும்.

அப்புறம், டிக்கெட்டில் இருக்கும் நேரத்தைப் பார்த்துப் பயண நேரத்தைக் கணக்கிடாதீர்கள். கோடையில் இரண்டு ஊர்களுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. கோடையில் நண்பகலில் கிளம்பி 18 மணி நேரம் பறந்தால் அங்கே அதே நாள் மாலை 6 மணி. முள் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். திரும்பும்போது நண்பகலில் ஏறினால், இறங்குவது மறுநாள் மாலை.