மார்புச்சுவர்க் காயத்தை ஆராய விலங்கு மாதிரியை உருவாக்குவது ஏன் கடினம்?

"விலங்கின் விலா எலும்பை முறித்துப் பார்த்தால் போதாதா, இதில் என்ன சிரமம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். விபத்தில் மார்பில் அடிபட்டவர்களைப் பல ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கவனித்து வரும் மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன். விலங்கு மாதிரி என்பது, மனிதருக்கு நேரும் காயத்தைப் புரிந்துகொள்ள அதைப் போன்ற காயத்தை விலங்கில் உண்டாக்கி ஆராய்வது. அதில் எலும்பை முறிப்பது எளிது. அந்த முறிவினால் மட்டும் விளையும் கேட்டைத் தனியே பிரித்து அறிவதுதான் கடினம்.

வாகனம் மோதும் நொடியில் விலா முறிகிறது, அதனடியில் நுரையீரலும் கன்றிப்போகிறது. அடுத்தடுத்த மூன்று விலாக்களாவது ஒவ்வொன்றும் இரண்டு இடங்களில் முறிந்துவிட்டால், அந்தப் பகுதி மூச்சை இழுக்கும்போது உள்ளே அமிழ்ந்து, விடும்போது வெளியே புடைக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதற்கு இந்த முரணான அசைவே காரணம் என்று கருதி, 1950களில் இத்தகையோரை வென்டிலேட்டரில் வைக்கத் தொடங்கினார்கள். 1979இல் வெளியான ஓர் ஆய்வில், நாய்களில் விலா முறிவையும் நுரையீரல் கன்றலையும் வெவ்வேறாக உண்டாக்கிப் பார்த்தபோது, ஆக்சிஜன் குறைவுக்குப் பெரிதும் காரணம் கன்றலே என்று தெரிந்தது. இரண்டும் ஒன்றாகவே நேரும் மனித உடலில் இதை இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

எலிகளில் 300 கிராம் எடையை மார்பின்மேல் விழச் செய்யும் முறை ஒன்று உண்டு. இதயம் அடிபடாதிருக்க அதன்மேல் ஒரு காப்பும் வைப்பார்கள். ஆனால் எலியின் மார்புக்கூடு, சிறு குழந்தைகளுடையதைப் போலவே, வளைந்து கொடுப்பதால் விலா முறியாமலே நுரையீரல் கன்றிவிடும். பன்றியின் மார்பு அளவில் நம்முடையதற்கு நெருக்கமானது என்றாலும், ஆழமாகவும் குறுகியும் இருப்பதால் அடியின் விசை அதில் பரவும் விதம் வேறு.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வலி பற்றிய கேள்வியே. நான்கு விலாக்கள் முறிந்து வந்த ஒரு முதியவர், முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். இருமினால் வலிக்கும் என்று அஞ்சி அடக்கியே இருந்ததால் சளி தேங்கி, மூன்றாம் நாள் நிமோனியாவில் விழுந்தார். ஆய்வுக்கூடத்திலோ, பெரும்பாலும் இளமையும் ஆரோக்கியமும் உள்ள விலங்கு, மயக்க மருந்தில் ஆழ்ந்து, சில மணி நேரமே கவனிக்கப்படுகிறது. மயக்க மருந்து கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆயினும் விலங்கை மயக்கம் தெளியவிட்டு, தக்க வலி நிவாரணியுடன் அதன் மூச்சைச் சில நாள்கள் அளந்தால்தான் அந்த முதியவருக்கு நேர்ந்ததை ஆராய முடியும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: மார்ஃபின் போன்ற மருந்துகள் தாமே மூச்சை மந்தமாக்குவதால், முறிவே இல்லாமல் அதே மருந்தை மட்டும் பெற்ற விலங்குகளையும் உடன் வைத்து ஒப்பிட வேண்டும். ஆகவேதான் இத்துறையில் எந்த ஆய்வுக் கட்டுரையைப் படித்தாலும், விலங்கின் வயதையும் அது எத்தனை நாள் கவனிக்கப்பட்டது என்பதையுமே நான் முதலில் தேடுகிறேன்.